பக்கவாட்டு முள்

படகுகள் திரும்புமுன்னே
ஐந்து டப்பாக்கள் என் மேசைக்கு வந்துவிட்டன.
பச்சை மூடியில் கோணல் எழுத்து: லுயிமா.
சல்லடையில் தேய்த்து
அச்சுத்துளையில் நிரப்பி
கண்ணாடிமேல் அமுக்கிக் காத்திருக்கிறேன்.
மலத்தைப் படிப்பது என் உத்தியோகம்.
நளுபாலே ஏரியின் இந்தத் தீவில்
அதற்காக யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

லென்சுக்குள் மஞ்சள் வெளிச்சம்.
அதில் ஒரு முட்டை,
விலாவில் ஒற்றை முள்.
அதன் பக்கத்தில் இன்னொன்று.
முப்பத்தேழு எண்ணிவிட்டு நிமிர்ந்தால்
சன்னலுக்கு வெளியே லுயிமா
வெள்ளிப்பொடி மீனைப் பரப்பிக்கொண்டிருக்கிறான்,
விசிலடித்தபடி.

அவன் குடலோர நாளத்தில்
எட்டு வருஷமாக ஒரு தம்பதி.
ஆணின் மடிப்புக்குள் பெண்.
வீட்டுக்காரனின் சாயலையே
மேலுக்குப் போர்த்திக்கொண்டதால்
காவல் அதைப் பார்த்தும் பாராமல் கடக்கிறது.
முட்டைக்கு அந்தப் போர்வை இல்லை.
தினமும் நூற்றுக்கணக்கில்.
சில குடல்சுவரைத் துளைத்து ஏரிக்குப் போகும்,
சில வழிதவறி
ஈரலில் போய்ச் சிக்கும்.

முதல் மாதங்களில் கலவரம்தான்.
முட்டைக்கு முட்டை முற்றுகை,
ஈசினோபில்கள் திரண்டு வர
இராக்காய்ச்சல், இருமல், நனைந்த பாய்.
அழற்சி என்கிறோம்;
சொல்லைப் பிட்டால் உள்ளே அழல்.
ஒரு முள்ளுக்காக
குடிசை முழுக்கக் கொளுத்த முடியுமா?

துறையில் வலைத்தகராறு மூண்டால்
நாந்தேசா வருவாள்.
கத்தமாட்டாள்.
யார் பக்கம் நியாயம் என்றும் கேட்கமாட்டாள்.
ஒருவன் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்
கீழே வைப்பாள்.
ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று
பயிற்சியில் சொன்னபோது
எனக்கு அவள் கைதான் ஞாபகம் வந்தது.
இன்டர்லூகின் பத்து என்றார்கள்,
அந்தத் துடுப்பு மணலில் படும் சத்தம்.

முற்றுகை கலைவதில்லை.
வளையம் சிறுக்கிறது, அவ்வளவே.
முட்டையின் நஞ்சு வெளியே கசியாத அளவுக்கு இறுக்கம்,
ஈரல் பொசுங்காத அளவுக்குத் தளர்வு.
இதைச் சமாதானம் என்று எழுத
எனக்குக் கை வரவில்லை.
புழுவும் இதில் ஒரு பங்குதாரர்.
தவிர, தாழ்ந்த குரல்
அடுத்த வீட்டுக்கும் கேட்கிறது:
தடுப்பூசி வந்து கதவைத் தட்டினாலும்
சிலர் உடம்பு
அரைத்தூக்கத்தில்தான் எழுந்து பார்க்கிறது.

காவூயாவுக்கும் இதே ஏரி, இதே துறை.
அவன் கண்ணாடியில் நான் எண்ணியது நான்கு.
உள்ளே யாரும் துடுப்பை வாங்கி வைக்கவில்லையோ,
ஆற்ற வந்த தழும்புதான் நிறுத்தத் தெரியாமல் வளர்ந்ததோ,
ஈரல் கல்லாகி
ரத்தத்துக்கு வழி அடைபட்டது.
ஒரு மாலை, மீன்கழுவும் தட்டு நிறைய
ரத்தமாக வாந்தியெடுத்தான்.
என்டெபே போகும் படகு
பாதி ஏரியில் திரும்பி வந்தது.
நான்கு என்று எழுதிய என் தாள்
இன்னும் கோப்பில் இருக்கிறது.

லுயிமாவுக்கு நான்கு மாத்திரை கொடுத்தோம்.
அதுவும் நான்கு.
கசப்பு, குமட்டல், ஒரு பகல் படுக்கை.
ஆறாம் வாரம் பூச்சியம்.
சந்தோஷப்பட்டு நிமிர்ந்தேன்,
முழங்கையைச் சொறிந்துகொண்டு நின்றான்.
இரவில் மூச்சு இழுக்கிறதாம்,
முன்பு இல்லையாம்.
புழு போனதாலா?
புகைபோடும் புதுக் கொட்டகையாலா?
எனக்குத் தெரியாது.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
இழுப்பு. சொறி. கேட்கவும்.

யாரைக் கேட்க என்று எழுதவில்லை.

வெயில் ஏறுகிறது.
படகைத் தள்ள ஆள் குறைகிறதென்று கூப்பிடுகிறார்கள்.
கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டி
அவன் தண்ணீருக்குள் இறங்குகிறான்,
நத்தைகள் ஒட்டிய நாணல் பக்கமாக.
ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.
மீனை வேறெங்கே பிடிப்பான்?

பச்சை மூடியைக் கழுவி
வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.